புதுப்பிப்பு: அப்பத்தாவின் கண்டாங்கியும் மார்கழிக் குளிரும்

நகரத்தார் மார்கழியில் கொண்டாடும் பிள்ளையார் நோன்புக்கு அப்பத்தாவின் பழைய கண்டாங்கியை (செட்டிநாட்டு நூல் சேலை) பின்கொசுவம் வைத்து, அதாவது மடிப்புகளைப் பின்பக்கம் விட்டு, கட்டப் போகிறேன், ஸ்வெட்டர் போட்டு அதன் அழகைக் கெடுக்காமல் குளிர் தாங்க வழி சொல்லுங்கள் என்று போன வாரம் கேட்டிருந்தேன். கட்டியாகிவிட்டது!

முந்தின நாள் விடியற்காலையில் கட்டிப் பார்த்தபோது நடுங்கிவிட்டேன். காரணம் கஞ்சி. சேலை விறைத்து உடம்பை விட்டு விலகி நின்றதில், இடைவெளியெல்லாம் வாடைக்காற்று புகுந்தது. அலசிக் கஞ்சியை எடுத்ததும் அதே கெட்டி நூல் துணி மேலோடு படிந்துகொண்டது. கண்டாங்கி கணுக்காலுக்கு மேலேயே நிற்கும் என்பதால், உள்ளே முழங்காலோடு நிற்கும் பருத்தி லெகின்ஸ். ரவிக்கை அந்தக் காலத்து முழங்கைக் கை, உள்துணி கொடுத்துத் தைத்தது. வெளியே எதுவும் தெரியவில்லை.

நான் யோசிக்காமல் விட்டது தரையை. வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், ஆத்தங்குடிக் கல் அப்படிச் சில்லிடுகிறது, தடுக்கு போட்டு உட்கார்ந்த பிறகுதான் பாதத்தில் உணர்வே வந்தது.

சால்வை சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் அது நழுவிக்கொண்டே இருந்தது, நோன்புக்கு ஏற்றும் 21 இழைத் திரியின் சுடருக்குப் பக்கத்தில் பயமாகவும் இருந்தது. எடுத்து வைத்துவிட்டு, முந்தானையை இரண்டு தோளிலும் இறுகப் போர்த்தி இடுப்பில் செருகிக்கொண்டேன். அப்பத்தா எப்போதும் அப்படித்தான் போர்த்தியிருப்பார்கள்.