ரோலிங் பேட்ச்: உருள் ஒட்டா, முறையொட்டா?

வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான தரவுத்தளப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறேன். ஆரக்கிள் தரவுத்தள மென்பொருளின் 'ராக்' (RAC) அமைப்பில் ஒரே தரவுத்தளத்தை இரண்டு மூன்று சர்வர்கள் சேர்ந்து நடத்தும். மென்பொருளின் பிழையைச் சரிசெய்யும் பேட்ச் போடும்போது ஒன்றை மட்டும் நிறுத்தி, போட்டு, மறுபடி எழுப்பி, அப்புறம்தான் அடுத்ததைத் தொடுவோம். மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும். இந்த 'ரோலிங் பேட்ச்'சை 'உருள் ஒட்டு' என்று எழுதினேன். எனக்கே பிடிக்கவில்லை.

*

ஐயா, இங்கே எதுவும் உருளவில்லையே. முறைதான் வருகிறது. வைகையில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தான் விடுவார்கள். முறைப்பாசனம் என்றே பெயர். ஆகவே 'முறையொட்டு'. யகர உடம்படுமெய் சரியாக விழுகிறது. இப்படிச் சேர்ந்து ஓடும் சர்வர் கூட்டமான கிளஸ்டருக்குக் 'கொத்தணி' போடுங்கள். 2020 கொரோனா நாள்களில் 'மினுவாங்கொடை கொத்தணி' என்று இலங்கைச் செய்திகளில் புழங்கிய சொல் அது.

*

முறை சரி. ஒட்டுதான் இடிக்கிறது. இலக்கணத்தில் முன்னொட்டு, பின்னொட்டு ஏற்கெனவே இருக்கின்றன. பேட்ச் போட்ட பிறகு செய்வதைப் 'பின்னொட்டுப் பணி' என்றால் விகுதி சேர்ப்பதாகத்தான் படிப்பேன். 'திருத்தம்' போதாதா?

*

போதாது அம்மா. துளையிட்ட காகித நாடாவில் நிரல் இருந்த காலத்தில், தவறான துளைமேல் காகிதத் துண்டை நிஜமாகவே ஒட்டி மூடினார்கள். பேட்ச் என்ற பெயருக்குள் அந்த ஒட்டுதல் இருக்கிறது. நம் ஊர் ஒட்டுமாங்கன்றையும் பாருங்கள்: வேறு மரத்துக் கிளை, ஒட்டியபின் ஒரே செடி. 'திருத்தம்' என்ற சொல்லில் இது ஏதும் இல்லை.

*

நான் சர்வர்களில் பேட்ச் போடும் வேலையில் இருப்பவன். இரவு இரண்டு மணிக்கு அழைப்பில் 'முறையொட்டு' என்றால் யாரும் அசையமாட்டார்கள். 'பேட்ச்' என்றே விடுங்கள்.

*

தம்பி, தமிழில் எழுதினால் அதுவும் பேட்ச், இரவில் மொத்தமாக ஓடும் வேலையும் பேட்ச், கல்லூரியில் சேர்ந்த ஆண்டும் பேட்ச். முதலாண்டு மாணவன் எதை எதுவென்று எடுத்துக்கொள்வான்?

*

அது நியாயம். அப்படியென்றால் இன்னொன்றையும் எழுதிவிடுங்கள். முறை வைப்பது ஒவ்வொரு சர்வரிலும் உள்ள மென்பொருளுக்குத்தான். தரவுத்தளத்துக்குள் போகும் மாற்றத்தை, எல்லாச் சர்வரும் முடிந்தபின், ஏதாவது ஒன்றிலிருந்து 'டேட்டாபேட்ச்' என்ற ஆரக்கிள் கருவி ஒரே தடவை செய்யும். முறைவைக்க இடம்தராத பேட்ச்களும் உண்டு. அவற்றுக்கு எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்தவேண்டும்.

*

நன்றி. 'முறைவைத்து ஒட்டுதல்' என்று விரித்தே எழுதுகிறேன். முதல் இடத்தில் பக்கத்திலேயே 'ரோலிங் பேட்ச்' வரும். எல்லாவற்றையும் நிறுத்திப் போடுவது 'ஒருசேர ஒட்டுதல்'. கொத்தணியை யாரும் மறுக்காததால் வைத்துக்கொள்கிறேன்.

*

என் வாக்கு இன்னும் 'திருத்தம்' பக்கம்தான். 'ஒட்டு'தான் என்றால், அச்சுக்கு முன் 'ஓட்டு' என்று தேடிப் பாருங்கள். முதல் படியில் மூன்று இடத்தில் நெடிலாகிவிட்டது.