புதுப்பிப்பு: குழு ப்ராஜெக்ட் ஒருவழியாக நகர்கிறது

எல்லோரும் உழைக்கிறோம், ஆனால் ப்ராஜெக்ட் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது.

இந்த வாரம் ஆப்பரேட்டிங் சிஸ்டம் வகுப்பில் டெட்லாக் நடத்தினார்கள், அதாவது ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து எந்த நிரலும் நகர முடியாமல் நின்றுவிடும் நிலை. காஃப்மனும் சகாக்களும் 1971-இல் எழுதிய கட்டுரையில் அதற்கு நான்கு நிபந்தனைகள் சொல்கிறார்கள். நான்கும் சேர்ந்தால்தான் சிக்கல். ஒன்றை உடைத்தாலே போதும். கடைசி நிபந்தனை, ஒருவருக்காக ஒருவர் வட்டமாகக் காத்திருப்பது. கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. திரையை எழுதுபவர் என் ஏபிஐக்கு (திரை கேட்கும் தரவை எடுத்துத் தரும் பகுதி) காத்திருக்கிறார், நான் டேட்டாபேஸ் அட்டவணைக்கு, அட்டவணை போடுபவரோ, "திரையில் என்னென்ன வரும் என்று தெரியாமல் எப்படிப் போடுவது?" என்கிறார். நியாயமான கேள்விதான்.

சரி என்று மூவரும் உட்கார்ந்து, ஏபிஐ தரப்போகும் பதிலை மட்டும் ஒரு ஜேசன் கோப்பாக (தரவை எழுதி வைக்கும் எளிய உரை வடிவம்) எழுதி, குழுவின் கோப்புகளைப் பகிர நாங்கள் பயன்படுத்தும் கிட்டில் (Git) ஏற்றினோம். உள்ளே எல்லாம் போலித் தரவு: "மாணவர் அ", மதிப்பெண் 0. 'யூசர் ஐடி'க்கு நடுவில் அடிக்கோடு வேண்டுமா என்பதிலேயே பாதி நேரம் போனது. ஆனால் திரை இப்போது அந்தக் கோப்பை வைத்தே ஓடுகிறது, அட்டவணையும் தயார்.

தலைவர் ஒருவரைப் போடச் சொன்னீர்கள் சிலர். இப்போதைக்குத் தேவைப்படவில்லை. உண்மையான டேட்டாபேஸை இணைப்பது அடுத்த வாரம். நடுவில் அல்காரிதம் அசைன்மென்ட் வேறு. அதைப் பற்றி இப்போது கேட்காதீர்கள்.