பழைய கேம்பரோடு வந்த சாமான்கள்: எதை வைத்துக்கொண்டீர்கள், எதைத் தூக்கிப் போட்டீர்கள்?

வாட்டர்லூ, ஒன்டாரியோ

இந்த வசந்தத்தில் 2012 மாடல் டிராவல் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேம்பர் வண்டி) ஒன்றைப் பழையதாக வாங்கினோம். "அக்சஸரீஸ் எல்லாம் சேர்த்து" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் கராஜ் சுவரோரம் பிளாஸ்டிக் தொட்டிகள் நிறைய ஹோஸ், ஒயர், கட்டைகள், இரும்புக் கம்பிகள். இதற்கே ஆயிரம் டாலருக்கு மேல் போகும் என்றார் விற்றவர். பிரித்துப் பார்த்தால் பாதி அவருடைய பிக்கப் டிரக்குக்குத்தான் பொருந்தும், மீதியில் ஒரு பங்கு காலாவதி. எனவே விலை பேசும்போது அந்தக் குவியலுக்கென்று ஒரு டாலர்கூடக் கணக்கு வைக்கக் கூடாது என்பது என் கட்சி. சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

பெரிய சாமான் ஹிட்ச், அதாவது காரையும் டிரெய்லரையும் இணைக்கும் அமைப்பு. எங்களுக்கு வந்தது வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் வகை. நடுவில் கனமான தலை, இரண்டு பக்கமும் நீளமான ஸ்பிரிங் கம்பிகள், சங்கிலிகள். டிரெய்லரின் மூக்கு காரின் பின்பக்கத்தை அமுக்கும்போது முன் சக்கரங்கள் லேசாகிவிடும். அந்தப் பாரத்தில் ஒரு பகுதியை இந்தக் கம்பிகள் முன் அச்சுக்குத் தள்ளுகின்றன. புதிதாக வாங்கினால் நல்ல விலை, கூடவே கிடைத்தால் லாபம்தான். ஆனால் அதன் உயரமும் சாய்வும் விற்றவரின் டிரக்குக்கு அமைத்தவை. நம் வண்டிக்கு மறுபடி அளந்து அமைக்க வேண்டும், காரின் பின்னால் இருக்கும் சதுரக் குழாய்க்குள் (ரிசீவர்) நுழையும் தண்டு (ஷேங்க்) மட்டும் வேறு வாங்க வேண்டியும் வரலாம்.

அதைவிட முக்கியம் ஹிட்சின் மேல் இருக்கும் இரும்புப் பந்து. டிரெய்லர் மூக்கில் உள்ள கப்ளர் என்ற கிண்ணம் இதன்மேல்தான் உட்காரும். 1 7/8, 2, 2 5/16 அங்குலம் என்று மூன்று அளவுகள் புழக்கத்தில் இருக்கின்றன. கப்ளரின் மேலே அளவு பொறித்திருக்கும், பந்தின் உச்சியிலும் இருக்கும். 2 5/16 கப்ளருக்குள் 2 அங்குலப் பந்து அழகாக உட்காரும், தாழ்ப்பாளும் விழும், பள்ளத்தில் ஏறி இறங்கும்போது கழன்றுகொள்ளும். தொட்டியில் வெவ்வேறு பந்துகள் கிடந்தன. துருவைத் தேய்த்துத் துடைத்த பிறகுதான் எண்ணே கண்ணுக்குத் தெரிந்தது. மாட்டி முடித்ததும் முன் ஜாக்கைச் சுற்றிக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது.

டிரெய்லரின் பிரேக்கைக் காரிலிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் என்ற பெட்டி இழுக்கிற காரில் இருப்பது. அது விற்றவரோடு போய்விடும், நாம் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். டிரெய்லரின் ஒயர் முனை உருண்டையான ஏழு பின். நம் காரில் தட்டையான நாலு பின் சாக்கெட்தான் இருந்தால், தொட்டியில் கிடக்கிற மாற்று அடாப்டரை மாட்டி விளக்கு எரிகிறதே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். நாலு பின்னில் விளக்கு மட்டும்தான் வரும், டிரெய்லர் பிரேக்குக்குக் கரண்ட் வராது.

மூக்கின் பக்கத்தில் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று சின்ன பின்னோடு தொங்கும். டிரெய்லர் கழன்று ஓடினால் அந்தப் பின் பிடுங்கிக்கொண்டு, டிரெய்லரின் சொந்த பேட்டரியே பிரேக்கைப் பிடிக்க வைக்கும். விற்றவர் முன்னாலேயே பின்னை உருவி, வண்டியை ஓரடி இழுத்துப் பார்க்கச் சொன்னேன். சக்கரம் இறுகி நின்றது. பேட்டரி செத்திருந்தால் இந்த ஏற்பாடும் செத்ததுதான். பார்த்தவுடன் பின்னைத் திரும்பச் செருகிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் மேக்னெட் சூடாகிக் கெட்டுவிடும்.

கேஸ் சிலிண்டர்களின் கழுத்துப் பட்டையில் தேதி அடித்திருக்கும். கனடாவில் பத்து வருடம் தாண்டினால் மறுசோதனை செய்யாமல் நிரப்ப மாட்டார்கள். எங்களுக்கு வந்த இரண்டில் ஒன்று அப்படி. பக்கத்தில் "டி.டபிள்யூ. 17" மாதிரி ஓர் எண் இருக்கும், அது பவுண்டில் காலி எடை. வீட்டுத் தராசில் நிறுத்துக் கழித்தால் உள்ளே எவ்வளவு கேஸ் என்று தெரிந்துவிடும். உள்ளே சுவரில் இருக்கும் கேஸ் டிடெக்டருக்கும் கார்பன் மோனாக்சைடு டிடெக்டருக்கும் வயது உண்டு. பின்னால் தேதி பாருங்கள். பட்டனை அழுத்தினால் கத்துகிறது என்பதற்காக உள்ளே இருக்கும் சென்சார் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஸ்டெப்னியையும் விடாதீர்கள். ஓடாத டயர் புதுசு மாதிரியே மின்னும். டயரின் பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள்: 3411 என்றால் 2011-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரம். எங்களுடையது வண்டியோடு பிறந்தது.

தண்ணீர் சமாச்சாரம் சுருக்கமாக. வெள்ளை ஹோஸ் குடிதண்ணீருக்கு, மற்றது கழுவ. இரண்டும் ஒரே தொட்டியில் சுருண்டு கிடந்தால் இரண்டையுமே குப்பையில் போட்டுவிடுங்கள். கழிவு ஹோஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், புதிது வாங்குங்கள். பித்தளையில் விரல் நீளத்தில் ஒரு பிரஷர் ரெகுலேட்டர் இருந்தால் அது தங்கம். சில கேம்ப்கிரவுண்ட் குழாய்களில் வருகிற அழுத்தத்துக்கு டிரெய்லரின் பிளாஸ்டிக் இணைப்புகள் தெறித்துவிடும்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை: கை நீளத்துக்கு மேல் ஓர் அலுமினியக் கம்பி, முனையில் வளைந்த கொக்கி. யாராவது சொல்லுங்களேன்.

டாலஸ், டெக்சஸ்

நல்ல பதிவு. கரண்ட் பற்றி நான் சேர்த்துவிடுகிறேன், இந்தப் பக்கம் அதுதான் தலைவலி.

சின்ன டிரெய்லர்களுக்குப் பெரும்பாலும் 30 ஆம்ப், மூன்று முனை பிளக். வோல்டேஜ் 120, ஆக மொத்தம் 3,600 வாட். பெரியவற்றுக்கு 50 ஆம்ப், நாலு முனை. இந்த 30 ஆம்ப் பிளக்கைப் பார்த்தால் பழைய துணி டிரையர் பிளக் மாதிரியே இருக்கும். வீட்டில் டிரெய்லருக்கென்று ஒரு சாக்கெட் போடச் சொன்னால், எலக்ட்ரீஷியன் டிரையர் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுகிற கதை இங்கே அடிக்கடி நடக்கிறது. என் பக்கத்து வீட்டுக்காரர் கேம்பரில் கன்வர்ட்டரும் (120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் பெட்டி) மைக்ரோவேவும் ஒரே நொடியில் போயின. சாக்கெட் யார் போட்டாலும் சரி, மல்டிமீட்டர் வைத்து 120 என்று கண்ணால் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

சாமான் பெட்டியில் நாய்க்கு வாங்கும் பொம்மை எலும்பு மாதிரி நடுவில் குட்டை ஒயரும் இருபுறமும் தடித்த முனையும் உள்ள அடாப்டர் இருக்கும். 30-ஐ வீட்டுச் சாக்கெட்டில் மாட்டுவதற்கு. பேட்டரி சார்ஜ் ஆக, ஃபிரிட்ஜ் குளிர அது போதும். ஏசி ஒன்றே 12, 13 ஆம்ப் இழுக்கும் என்பதால் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஏசி போடாதீர்கள். கழற்றும்போது பிளக்கின் முனைகளைப் பாருங்கள். பித்தளை கறுத்து, சுற்றிலும் பிளாஸ்டிக் பழுப்பாகி இருந்தால் லூஸ் கான்டாக்ட்டில் சூடேறியிருக்கிறது என்று பொருள். அந்த ஒயரை விற்றவரிடமே விட்டுவிடலாம். வோல்டேஜ் திடீரென்று எகிறினால் காப்பாற்றும் சர்ஜ் ப்ரொடெக்டர் கூடவே வந்தால் மட்டும் நான் உண்மையில் சந்தோஷப்படுவேன்.

ஏஜாக்ஸ், ஒன்ராறியோ

தம்பி, நல்ல விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் குளிர்காலச் சாமானை விட்டுவிட்டீர்களே. எங்கட ஊர்க் குளிருக்கு அதுதான் முதல் தேவை.

றோஸ் நிறத் திரவம் உள்ள கான் ஒன்று, அரை இஞ்சிக் குழாய்த் துண்டு ஒன்று, காற்று அடிக்கிற பம்பில் பூட்டுகிற சின்னப் பித்தளை அடைப்பு ஒன்று. குழாய்களில் மிச்சத் தண்ணீரைக் காற்றடித்து வெளியே தள்ளி, உறையாத அந்தத் திரவத்தை ஏற்றத்தான் இவை. இந்த மூன்றும் ஒன்றாகக் கிடந்தால் விற்றவர் ஒவ்வொரு இலையுதிர் காலமும் குழாய்களைக் கவனமாகப் பார்த்திருக்கிறார் என்று நம்பலாம். அந்தக் கான் ப்ரொப்பிலீன் கிளைக்கோல் கலந்தது. காருக்கு ஊற்றுகிற பச்சை அன்ரிபிறீஸ் நஞ்சு, அதைத் தண்ணீர்க் குழாய்க்குள் ஒருநாளும் விடக்கூடாது. முதலில் சுடுதண்ணீர்த் தாங்கியின் பின்னால் இருக்கிற பைபாஸ் வால்வைத் திருப்ப வேண்டும். திருப்பாமல் ஊற்றினால் ஆறு கலன் (கேலன்) திரவம் தாங்கிக்குள்ளேயே போய்விடும்.

அதோடு நட்டுக் கழற்றுகிற 1 1/16 இஞ்சி சொக்கற் ஒன்று பெட்டிக்குள் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கோ. சபர்பன் நிறுவனத்தின் சுடுதண்ணீர்த் தாங்கியின் அனோட் தண்டைக் கழற்ற அதுதான் வேண்டும். தாங்கி இரும்பு, தண்டு மக்னீசியம். தண்ணீர் இரும்பை அரிக்காமல் தண்டை அரிக்கும். கழற்றிப் பார்த்தேன், நடுக் கம்பியில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சாம்பல் கட்டிதான் மிச்சம். முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான், விலையும் பெரிதில்லை. சூட்டோடும் அழுத்தத்தோடும் கழற்றிவிடாதேங்கோ, கொதி தண்ணீர் முகத்துக்கே பாயும்.

நீங்கள் போகப்போவது மாகாணப் பூங்காக்கள் என்றால் இன்னொன்று. அநேகமான பூங்காக்களில் வண்டி நிறுத்துகிற இடத்தில் கரண்ட் மட்டும்தான், கழிவுக் குழாய் இராது. வெளிக்கிடும்போது டம்ப் ஸ்டேஷனில் வரிசையில் நின்றுதான் கொட்ட வேண்டும். கையுறைப் பெட்டியை வாசல் பக்கத்திலேயே வையுங்கோ.

லெஸ்டர், இங்கிலாந்து

இங்கே சாமான்களே வேறு. நான் வாங்கியது இரண்டு படுக்கைக் கேரவன். நீல நிற 16 ஆம்ப் கேபிள், உருட்டிக்கொண்டு போகிற தண்ணீர்ப் பீப்பாய், கழிவு நீருக்குத் தட்டையான தொட்டி, கழிவறையின் கேசட் (கழற்றி எடுத்துக் கொட்டும் தொட்டி). இவை இல்லாமல் விற்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

பக்கவாட்டில் மாட்டும் அவ்னிங்கை (வெளியே விரிக்கும் துணிப் பந்தல்) "பிரம்மாண்டமானது" என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவார்கள். அவ்னிங் மாட்டும் பக்கத்தில் முன்பக்கத் தரையிலிருந்து கேரவனின் விளிம்போடு மேலே ஏறிப் பின்பக்கத் தரை வரைக்கும் உள்ள சுற்றளவு சென்டிமீட்டரில் சொல்வது வழக்கம், பையில் 975 என்று எழுதியிருக்கும். உங்கள் கேரவன் 875 என்றால் துணி தொளதொளவென்று தொங்கும். அங்கேயே விரித்து மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், கம்பி குறைந்தாலும் அப்போதே தெரியும்.

வாட்டர்லூ நண்பர் பந்தில் கிரீஸ் போடுவாரோ என்னவோ, இங்கே ஆல்-கோ மாதிரி உராய்வு ஸ்டெபிலைசர் இருந்தால் கூடவே கூடாது. அதற்குள் இருக்கும் பட்டைகள் பந்தைக் கவ்விப் பிடித்துத்தான் வண்டியின் ஆட்டத்தை அடக்குகின்றன. கிரீஸ் பட்டால் பிடிப்பு போச்சு.

கேஸில் நீல சிலிண்டர் பியூட்டேன், சிவப்பு ப்ரொபேன். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரி பக்கத்தில் ஆவியாகாமல் முரண்டு பிடிக்கும், ஆகவே பனிக்காலத்தில் நீல சிலிண்டரை நம்பிப் போகாதீர்கள். இரண்டுக்கும் குழாய் முனை வேறு. அப்புறம், சாமான்களைப் பார்ப்பதற்கு முன் கிரிஸ் (இங்கே உள்ள கேரவன் பதிவேடு) பதிவுப் பத்திரத்தைக் கேட்டு, ஜன்னல் கண்ணாடியில் பொறித்த எண்ணோடு ஒத்துப்பாருங்கள். திருட்டுக் கேரவனுக்கு அவ்னிங் எதற்கு?

கால்கரி, ஆல்பர்ட்டா

அந்தக் கொக்கிக் கம்பி அவ்னிங்கை இழுப்பதற்கு. சுருட்டிய துணியின் நடுவில் ஒரு பட்டை தொங்கும், அதில் கொக்கியை மாட்டிக் கீழே இழுக்க வேண்டும். அதே முனையால்தான் மேலே இருக்கிற லீவரையும் திருப்புவது. தொலைத்துவிடாதீர்கள்.

சாவிக் கொத்தில் சி.எச். 751 என்று போட்ட சாவி இருக்கிறதா பாருங்கள். வெளிப்புறச் சாமான் அறைகளுக்குப் பல நிறுவனங்கள் இதே பூட்டைத்தான் போடுகின்றன. கேம்ப்கிரவுண்டில் பாதிப் பேர் பையில் உங்கள் அறையின் சாவி இருக்கிறது. விலையுள்ள சாமான் வைப்பதாக இருந்தால் பூட்டை மாற்றுங்கள்.

இன்னொன்று, கதவின் உள்பக்கம் மஞ்சள் ஸ்டிக்கரில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று இருக்கும். விற்றவர் கொடுத்தார் என்று அத்தனை கட்டைகளையும் இரும்பையும் ஏற்றினால், துணிமணிக்கும் அரிசிக்கும் இடமிருக்கும், எடை இருக்காது.

டெட்ராய்ட் பக்கம், மிச்சிகன்

நாங்கள் அடுத்த வாரம் ஒன்று பார்க்கப் போகிறோம். ஃபிரிட்ஜ் கேஸ், கரண்ட், 12 வோல்ட் பேட்டரி என்று மூன்று வழியிலும் வேலை செய்யும் என்கிறார் விற்பவர். நேரில் எப்படிச் சோதிப்பது, அண்ணா?

வாட்டர்லூ, ஒன்டாரியோ

கால்கரி நண்பருக்கு நன்றி, போய் மாட்டிப் பார்த்தேன், அதேதான்.

மிச்சிகன் தங்கைக்கு: அந்த வகை ஃபிரிட்ஜ் வீட்டு ஃபிரிட்ஜ் போல உடனே குளிராது, பல மணி நேரம் எடுக்கும். போவதற்கு முந்தின இரவே கேஸில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். போனதும் உள்ளே தெர்மாமீட்டர் வையுங்கள். பிறகு கரண்டுக்கு மாற்றி, வெளிப்பக்க மூடியைத் திறந்து பின்னால் இருக்கும் குழாய்களைத் தொடாமல் பாருங்கள். மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ அம்மோனியா நெடி அடித்தாலோ அது முடிந்த ஃபிரிட்ஜ், புதிதுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். வண்டி சமமாக நிற்கிறதா என்றும் பாருங்கள், சாய்வில் இது சரியாக ஓடாது. 12 வோல்ட்டில் ஓடுவது வண்டி போய்க்கொண்டிருக்கும்போது மட்டும் வைத்துக்கொள்ள. நிறுத்திய இடத்தில் அப்படியே விட்டால் சில மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். அவர் ஒவ்வொன்றையும் மாட்டிக் காட்டும்போது உங்கள் வீட்டுக்காரரைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.