லிஸ்ட் ஏ-ன்னா என்ன கணக்கு? 277 பெரிசா, 264 பெரிசா?

கடைசிபெஞ்ச்:
மச்சானோடு நேற்று ராத்திரி ஆரம்பித்த சண்டை இன்னும் ஓயவில்லை. ஐம்பது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் அடித்த அதிகபட்சம் ரோஹித்தின் 264தான் என்கிறான். 2022 விஜய் ஹசாரே கோப்பையில் நம்ம தமிழ்நாட்டு ஜெகதீசன் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277 அடித்தாரே என்றால், "அது வெறும் லிஸ்ட் ஏ, அதுவும் அந்த டீமை எல்லாம் ஒரு டீம்னு சொல்லாதே" என்று ஒரே போடாகப் போடுகிறான். இந்த முத்திரையை யார் குத்துகிறார்கள்? லீக்கில் கீழ் டிவிஷனில் மேட் விரித்த பிட்சில் ஐம்பது ஓவர் ஆடுகிறோமே, அதில் நான் அடித்த 83 கூட லிஸ்ட் ஏ-வா? சிரிக்காதீர்கள்.

மூணாவதுஸ்லிப்:
83க்கு வாழ்த்து ப்ரோ, ஆனால் லிஸ்ட் ஏ இல்லை. அது ஒருநாள் ஆட்டங்களின் ரன் கணக்கைச் சேர்த்துவைக்கும் ஒரு பட்டியல்; நாட்டின் முதன்மையான உள்நாட்டு ஒருநாள் தொடர்தான் அதில் வரும், நமக்கு விஜய் ஹசாரே மாதிரி. சர்வதேச ஒருநாள் ஆட்டமும் அதற்குள் அடக்கம், அதைத்தான் உங்கள் மச்சான் விட்டுவிட்டார். ரோஹித் 2014இல் ஈடன் கார்டனில் அடித்த 264 இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. சர்வதேசத்தில் அது முதலிடம், லிஸ்ட் ஏ-வில் இல்லை. ஜெகதீசனுக்கு முன்னாலேயே இங்கிலாந்தின் சர்ரே கவுண்டி அணியின் அலி பிரவுன் 2002இல் 268 அடித்துவிட்டார்.

எதிரணி சொத்தையா என்பதெல்லாம் கணக்கிலேயே கிடையாது. 2018-19இல் வடகிழக்கு மாநில அணிகளை வாரியம் சேர்த்தபோதே அவர்கள் ஆடும் ஆட்டத்துக்கும் தகுதி வந்துவிட்டது. அன்றைக்குத் தமிழ்நாடு 506/2, அருணாசலம் 71க்கு ஆல் அவுட். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் லிஸ்ட் ஏ லிஸ்ட் ஏ-தான்.

ஸ்கோர்புக்தாத்தா:
தம்பி, பெயர்தான் புதுசு, ஆட்டம் பழசு. 1963இல் இங்கிலாந்தில் ஜில்லெட் கோப்பை தொடங்கியபோது ஓர் இன்னிங்ஸுக்கு 65 ஓவர். அப்புறம் 60, 55, ஞாயிற்றுக்கிழமை லீக்குக்கு 40 என்று ஆளாளுக்கு ஓர் அளவு. இதையெல்லாம் ஒரே கூடையில் போட்டுக் கணக்குப் பார்க்க அங்கிருந்த புள்ளிவிவரக்காரர்கள் சங்கம் வைத்த பெயர் இது, ஐசிசி 2006இல்தான் ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தின் கிரஹாம் கூச்சை எடுத்துக்கொள், சர்வதேச ஒருநாளில் 4,290 ரன்தான், ஆனால் எசெக்ஸ் கவுண்டிக்கு ஆடியதையும் சேர்த்தால் 22,211, சச்சினையே தாண்டிவிடுகிறார். சச்சின் 21,999.

கடைசிபெஞ்ச்:
சரி, உலகக்கோப்பைக்கு முன்னால் ஆடும் பயிற்சி ஆட்டம்? அதுவும் இரண்டு நாட்டு அணிதானே?

மூணாவதுஸ்லிப்:
வராது. பதினைந்து பேரையும் மாற்றி மாற்றி இறக்குவார்கள், அதை எப்படிச் சேர்ப்பது? ஆனால் 'ஏ' அணிகள், அதாவது நாடுகளின் இரண்டாம் நிலை அணிகள், மோதினால் சேரும். தவான் 2013இல் பிரிட்டோரியாவில் தென்னாப்பிரிக்கா ஏ அணிக்கு எதிராக அடித்த 248 லிஸ்ட் ஏ-தான்.

கடைசிபெஞ்ச்:
எல்லாவற்றையும் மச்சானுக்கு அனுப்பிவிட்டேன். 277ஐப் பற்றி மூச்சே விடவில்லை. "22,000க்கு ஒரே ஒரு ரன் குறைச்சலா, யார்டா கணக்கு எழுதினது" என்று இப்போது அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறான்.