மோட்டார்ஹோம் கராஜில் சைக்கிள் ஸ்டாண்டு: தரையில் ஸ்க்ரூ நிற்கவில்லை

வண்டி (தங்கிப் பயணிக்கும் வீட்டு வேன்) 2018 மாடல், ஃபியட் டுகாட்டோ சேஸி. பின்பக்கக் கராஜுக்குள், அதாவது வண்டியின் பின்னால் உள்ள சாமான் அறைக்குள், இரண்டு மின்சார சைக்கிள்களை நிறுத்த வேண்டும். கதவு உயரம் 105 செ.மீ. சீட்டை இறக்கி, ஹேண்டில்பாரைத் திருப்பி, முன்சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே போய்விடுகிறது.

தரைதான் பெரிய தலைவலி. மேலும் கீழும் மெல்லிய பிளைவுட், நடுவில் ஃபோம். முன் ஃபோர்க்கை (முன்சக்கரம் மாட்டும் கவை) பிடிக்கும் கிளாம்ப்பை மரஸ்க்ரூவால் இறுக்கியிருந்தேன். போன மாதம் மேடுபள்ளமான சாலையில் ஓட்டிவிட்டுத் திறந்தால், துளை அகன்று மரத்தூள் உதிர்ந்து கிடக்கிறது. எபாக்ஸி பசை ஊற்றி மறுபடி இறுக்கியும் ஆடுகிறது. பேட்டரி இல்லாமலே ஒவ்வொரு சைக்கிளும் 22 கிலோ. பெல்ட் மட்டும் போட்டுக் கட்டினால் ஒன்றோடொன்று உரசிப் பெயின்ட் போகிறது. தரையைத் துளைத்து போல்ட் போடலாம் என்றால், சரியாக அந்த இடத்துக்குக் கீழே தண்ணீர்க் குழாய்.

சாமான் கட்ட இருபுறமும் அலுமினிய ரெயில் இருக்கிறது. அதன்மேல் குறுக்கே ஒரு பார் வைத்து, அதில் கிளாம்ப்பைப் பொருத்தினால் இந்த எடையை ஆடாமல் தாங்குமா?