புயலில் சாய்ந்த மரங்களைச் சிற்பமாக்க உதவி தேவை

நண்பர்களே, வணக்கம். புயலில் சாய்ந்த மரங்களை விறகுக்கு விடாமல், சிற்பங்களும் கிண்ணங்களுமாகச் செய்து விற்று, அந்தப் பணத்தை வீடிழந்த குடும்பங்களுக்குக் கொடுக்க நினைக்கிறோம். மரம் கைவசம் இருக்கிறது. அதைக் காப்பாற்றுவதுதான் இப்போது அவசரம்.

அறுத்த முனைகளில் நடுவிலிருந்து நாலா பக்கமும் வெடிப்பு ஓடத் தொடங்கிவிட்டது. ஈரம் முனை வழியாகத்தான் மிக வேகமாக வெளியேறும் என்பதால் மெழுகு பூசி வருகிறோம். பலகையாக அறுத்தால், காற்றில் உலர ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய 1 வருடம் ஆகும். அவ்வளவு காலம் அந்தக் குடும்பங்கள் காத்திருக்க முடியாது. அதனால் கிண்ணங்களைப் பச்சை மரத்திலேயே தடிமனாகக் கடைந்து, உலர்ந்தபின் மறுபடி கடைந்து முடிக்கலாம் என்று யோசனை. கிண்ணச் சுவரின் தடிமனைக் கிண்ணத்தின் விட்டத்தில் (குறுக்களவில்) 10-ல் ஒரு பங்கு விடுவது வழக்கம். கடைசல் வேலை தெரிந்தவர்களே, முறுக்கிய நார் உள்ள மரத்துக்கும் அது போதுமா?

அப்புறம், தெருவோர மரங்களுக்குள் பழைய ஆணிகள் புதைந்திருக்கும், ரம்பம் பட்டால் ஆபத்து. மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவர்கள் இரவல் தந்தால் பெரிய உதவி. கட்டைகளை நனையாமல் அடுக்கிவைக்கக் கூரையுள்ள, காற்றோட்டமான இடமும் வேண்டும். சிற்பிகள் ஒரு நாள் வந்தாலும் போதும். முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள், இன்றே பேசுகிறேன்.