மாந்தோப்பையும் கிணற்றையும் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கம் எங்களுக்கு 3 ஏக்கர் மாந்தோப்பு, கூழுக்குப் போகும் பெங்களூரா ரகம். கிருஷ்ணகிரி மாங்கூழ் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறுகிறது. அங்கே வாங்குவது குறைந்தால் இங்கே தோப்பில் விலை விழுகிறது. போன பருவத்தில் கிலோ 5 ரூபாய்க்குக் கேட்டார்கள். பறிகூலிக்கே கட்டவில்லை, அப்பா பாதிக் காயை மரத்திலேயே விட்டுவிட்டார்.

சரி, விலை மறுபடி ஏறும். கிணறு? பக்கத்துக் கூழ் ஆலையின் கழிவு ஓடையில் கலந்ததிலிருந்து தண்ணீர் பழுப்பாகிவிட்டது, குடத்தில் பிடித்து வைத்தால் புளித்த வாடை. மாடுகூட வாய் வைப்பதில்லை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா? நீரை எங்கே பரிசோதிக்கலாம், மனுவோடு என்னென்ன இணைக்க வேண்டும்? அப்புறம், பெங்களூரா மரத்தில் வேறு ரகம் ஒட்டுக் கட்டியவர்கள் இருந்தால், எத்தனை வருடத்தில் காய்த்தது என்று சொல்லுங்கள்.